நாகச்சத்தும் குழந்தைகளின் வயிற்றோட்டமும்

நாகம் என்னுஞ் சொல் தமிழிற் பலபொருள் குறிப்பது. பாம்பும் நாகம், விண்ணுலகமும் நாகம், இரும்பு துருப்பிடியாதிருத்தற்பொருட்டு அதன்மேற் பூசப்படும் சாம்பல்வண்ண உலோகமும் நாகமே. இவ்வுலோகத்தைத் தமிழகத்தார் துத்தநாகம் என முழுப்பெயராற் சொல்ல, ஈழத்துப் பாடநூல்கள் நாகம் எனச் சுருக்கி வழங்குகின்றன. யாழ்ப்பாணத்துக் கிணற்றடிகளிலே துலாக்கயிற்றின் நுனியில் தொங்கிய இரும்பு வாளியின் மேற்பூச்சு இதுவே. அவ்வாளி அள்ளித் தந்த நீர் சிலவேளை குழந்தைகளுக்கு வயிற்றோட்டத்தையும் தந்தது. அந்நோய்க்குரிய பரிகாரத்தில் ஒரு கூறு அவ்வாளியின் பூச்சாயிருந்த உலோகத்திலேயே உண்டு என்பது மிக அண்மையிலேதான் தெளிவாயிற்று.

இவ்வுலோகத்தின் வரலாற்றிலே இந்திய நாட்டவர்க்குச் சிறப்பானதோர் இடமுண்டு. நாகத்தின் தாதைக் கரியுடன் சேர்த்துச் சூடேற்றினால் உலோகம் உருகி ஓடாது, ஆவியாகிப் பறந்துவிடும். அவ்வாவியைக் காற்றுப்படாது குளிரச்செய்து பிடிக்கும் நுட்பத்தை இராசத்தானத்துச் சாவர் என்னும் ஊரிலிருந்த கொல்லர், ஐரோப்பியருக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே கைவரப்பெற்றிருந்தனர். ஐரோப்பாவில் மார்கிராப் என்பார் அதனைத் தனித்துப் பிரித்துக் காட்டியது 1746ஆம் ஆண்டிலே. கீழைத்தேச வணிகத்தில் ஆங்கிலேயர் இதற்கு வழங்கிய தூத்தனாக் என்னும் பெயர் துத்தநாகம் என்னுஞ் சொல்லின் திரிபென்று சொல்லாராய்ச்சியாளர் கூறுவர்.

நாகமும் கந்தகவமிலமும் சேர்ந்துண்டாகும் உப்பு, வெள்ளைத்துத்தம் என்னும் பெயரால் நாட்டு வைத்தியர்க்கு நெடுங்காலமாகத் தெரிந்த சரக்கு. 19ஆம் நூற்றாண்டின் மேனாட்டு வைத்தியரும் அதனைக் கண் கழுவும் நீரிலே கலந்தனர். நஞ்சுண்டவர்க்கு வாந்தி வருவித்தற்கும் கொடுத்தனர். வாந்திக்குரிய அளவு 10 முதல் 30 கிரெயின். இக்கால அளவையிற் சொன்னால் ஏறக்குறைய 650 முதல் 1,950 மில்லிகிராம். இன்று வயிற்றோட்டங் கண்ட குழந்தைக்குக் கொடுக்கப்படும் குளிசையில் உள்ளதும் பெரும்பாலும் அதே உப்புத்தான். ஆயின் ஒரு குளிசையில் அடங்கியது 55 மில்லிகிராம் அளவினது. அதனுள் நாகம் மட்டும் 20 மில்லிகிராம். வாந்தி வருவித்த பொருளே குடலைத் தேற்றும் பொருளாயிற்று. இடையிலுள்ளது அளவின் வேற்றுமையும் நூறாண்டு ஆராய்ச்சியுமே.

வயிற்றோட்டம் என்பது ஒருநாளில் மூன்று முறையோ அதற்கு மேலோ மலம் நீராய்க் கழிதல். தாய்ப்பால் மட்டும் உண்ணும் சிசு பலமுறை இளக்கமாகக் கழிப்பது இயல்பு, அது நோயன்று. நோயாவது கிருமிகளால் வருவது. இளங்குழந்தைகளிடத்தே றொட்டா வைரசு என்பது முதன்மையானது. பற்றீரியாக்களும் வேறு சில நுண்ணுயிர்களும் அதனையடுத்து நிற்பன. யாழ்ப்பாணத்து வீடுகளில் இதற்குக் கூறப்பட்ட காரணங்கள் வேறு. பல் முளைப்பதால் வந்ததென்றனர். பால் செரியாமையால் வந்த மாந்தம் என்றனர். கண்ணூறு என்று கருதி நூல் கட்டியதுமுண்டு. பல்லுக்கும் பேதிக்கும் நேர்த்தொடர்பு யாதுமில்லை. எனினும் பல் முளைக்கத் தொடங்கும் ஆறாம் மாதமே குழந்தை தவழ்ந்து கண்டதையெல்லாம் வாயிலிடத் தொடங்குங் காலம். தாய்ப்பாலன்றிப் பிற உணவும் பிற நீரும் அதன் வயிற்றுட் செல்லத் தொடங்குங் காலமும் அதுவே. ஆதலின் மூதாட்டியர் கண்ட உடனிகழ்ச்சி பொய்யன்று. அவர் கற்பித்த காரணமே பிழை.

பேதி கண்ட குழந்தைக்குப் பாலையும் உணவையும் நிறுத்தி, வயிற்றுக்கு ஓய்வு கொடுப்பதாக எண்ணிய வழக்கம் பெருந்தீங்கு விளைத்தது. குழந்தையின் உடலில் மிகப் பெரும்பகுதி நீர். அந்நீர் உப்புக்களோடு வெளியேறுந்தோறும் கண் குழிவிழும், உச்சிக்குழி தாழும், அழுதாற் கண்ணீர் வராது, தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு மெல்லவே மறையும். நோயினும் நீரிழப்பே கொல்வது. வேறு சில தாய்மார் உப்பிட்ட அரிசிக்கஞ்சியைச் சிறிது சிறிதாகப் பருக்கினர். அவர்கள் பிற்கால விஞ்ஞானத்தைத் தம்மையறியாமலே முற்படக் கையாண்டவர் எனலாம். கஞ்சியின் மாப்பொருள் குடலிற் குளுக்கோசாக மாறும். குளுக்கோசும் உப்பிலுள்ள சோடியமும் ஒன்றாகவே குடற்சுவரைக் கடந்து உட்புகும். அவற்றின் பின்னே நீரும் செல்லும். இக்கூட்டுப் பயணத்தை 1960ஆம் ஆண்டில் பிராக் நகரிற் கூடிய அறிஞர் அவையில் றொபேட் கிறேன் என்பார் எடுத்துரைத்தார். வாந்திபேதி கண்ட குடலிலும் இவ்வாயில் அடைபடுவதில்லை என்பதே அதன் பயன். 1968இல் டாக்காவில் டேவிட் நாலினும் றிச்சாட் காசும் வாய்வழியே கொடுக்கும் உப்பு, குளுக்கோசுக் கரைசல் நோயாளரைக் காக்குமெனக் காட்டினர். 1971இல் வங்காள எல்லையிலுள்ள பொங்காவ் அகதிமுகாமில், நாளத்தில் ஏற்றும் சேலைன் தீர்ந்துபோன நெருக்கடியில், திலீப் மகலனாபிசு என்னும் மருத்துவர் பீப்பாய்களிலே அக்கரைசலைக் கலக்கி வைத்து உறவினரைக்கொண்டே நோயாளர்க்குப் பருக்குவித்தார். நூற்றுக்கு 30 அளவில் இருந்த இறப்பு நாலினுங் குறைந்தது. இலங்கையில் ஜீவனி என்னும் பெயரால் வீடுதோறும் அறியப்பட்ட பைக்கற்று அக்கரைசலின் வழித்தோன்றலே.

ஜீவனியின் பெருமை இவ்வளவாயினும், தாய்மார் மனத்தில் அதனைப் பற்றி ஒரு குறை எப்போதும் இருந்துவந்தது; அக்குறை நியாயமற்றதன்று. ஜீவனி இழந்த நீரை மீட்டுத் தரும், ஓட்டத்தை நிறுத்தாது. குழந்தைக்கு உயிர்ப்பயம் நீங்கும். ஆனால் துணி நனைவது நனைந்துகொண்டேயிருக்கும். மருந்து கொடுத்தும் நிற்கவில்லையே என்று தாய் கலங்கி, வேண்டாத நுண்ணுயிர்க்கொல்லிகளையும், குடலைக் கட்டிப்போடும் மருந்துகளையும் நாடுவாள். இவற்றுட் பின்னவை இளங்குழந்தைக்கு ஆபத்தானவை. இக்குறையை நிறைக்கவந்ததே நாகம். அதன் பொருட்டு, வயிற்றோட்டத்தில் நீருடனும் உப்புடனும் வேறென்ன வெளியேறுகின்றது என்னும் வினா எழவேண்டியிருந்தது.

அவ்வினாவுக்கு விடை சுற்றுவழியாகவே வந்தது. நாகம் உயிர்க்கு வேண்டுவதென்பதை 1869இல் பிரெஞ்சு அறிஞர் றோலின் ஒரு பூஞ்சணத்தை வளர்த்துக் கண்டார். 1934இல் எலிகளிடத்தும், 1955இல் பன்றிகளிடத்தும் அஃது உறுதியாயிற்று. மனிதருக்கு நாகக்குறை வரும் என்று மட்டும் எவரும் எண்ணவில்லை. அது எங்கும் எவ்வுணவிலும் உள்ளதாயிற்றே என்றனர். பீகார் மாகாணத்திற் பிறந்த ஆனந்த பிரசாத் என்னும் மருத்துவர் 1958இல் ஈரானின் சிராசு நகரில் ஓர் இளைஞனைக் கண்டார். வயது 21, தோற்றமோ பத்து வயதுச் சிறுவனுடையது. இரத்தக்குறையும் பருவமெய்தாமையும் அவனிடத்துக் காணப்பட்டன. அவன் உண்டது பெரும்பாலும் தீட்டப்படாத கோதுமை ரொட்டி; அத்துடன் மண்ணுந் தின்றான். அவனைப் போன்றவர் வேறு சிலரும் அங்கு இருந்தனர். இரும்புக்குறை மட்டுமே இத்துணை வளர்ச்சித் தடையை விளைக்காதெனக் கொண்ட பிரசாத், நாகக்குறை என்னுங் கருத்தை 1961இல் வெளியிட்டு, பின்னர் எகிப்திய நாட்டாரிடத்துச் செய்த ஆராய்ச்சியால் 1963இல் அதனை நிலைநாட்டினார். தவிட்டிலுள்ள பைற்றிக் அமிலம் நாகத்தைப் பற்றிக்கொண்டு குடல் அதனை உறிஞ்சவொட்டாது தடுத்தமையே காரணம். உண்டும் பெறாத வறுமை எனலாம் இதனை.

நாகத்தையும் வயிற்றோட்டத்தையும் நேரே இணைத்தது வேறொரு நோய். பிறப்பிலேயே நாகத்தை உறிஞ்ச இயலாத சில குழந்தைகளுண்டு. தாய்ப்பால் மறந்த சில கிழமைகளுள் அவர்க்கு வாயைச் சூழவும் கைகால்களிலும் புண் தோன்றும், மயிர் உதிரும், ஓயா வயிற்றோட்டம் பிடிக்கும், முன்னாளிற் பலர் இறந்தனர். இந்நோயைத் தோல்நோயென்றே 1942இல் டான்போல்ட் என்னும் நோர்வே மருத்துவர் விவரித்தார். 1973இல் இலண்டனில் மொயினகன் என்பார் நாகவுப்பைக் கொடுத்தபோது, புண் ஆறியது, வயிற்றோட்டமும் நின்றது. குறை தீர்ந்ததும் குடல் தேறியது என்னும் இவ்வொரு செய்தியே, ஏனைக் குழந்தைகளின் பேதியிலும் நாகத்துக்குப் பங்குண்டோ என ஆராயத் தூண்டுதற்குப் போதியதாயிருந்தது.

வளர்ந்த மனிதன் உடல் முழுவதிலும் உள்ள நாகம் இரண்டு கிராம் அளவே. இரும்பைச் சேமித்து வைக்கும் ஈரல்போல, நாகத்துக்கென உடலிற் களஞ்சியம் இல்லை, நாளாந்தம் வரவேண்டும். ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு வேண்டுவது 3 மில்லிகிராம். முந்நூற்றுக்கும் மேற்பட்ட நொதியங்கள் அதனைக்கொண்டே தொழிற்படுகின்றன. கலம் பிரிந்து புதுக்கலம் தோன்றும் இடங்களில் அதன் தேவை மிகும். அத்தகைய இடங்களுள் குடலின் உட்போர்வை தலையாயது. அதன் கலங்கள் சில நாள்களுக்கொரு முறை முழுவதும் உதிர்ந்து புதுப்பிக்கப்படுகின்றன. கிருமி அச்சடைமுளைகளைச் சிதைத்துவிட்டால் அவை மீண்டும் தழைத்தற்கு நாகம் வேண்டும். கலங்களுக்கிடையே உள்ள இறுக்கமான பொருத்துக்கள் மீளவும் வேண்டும். கிருமியோடு பொருதும் நிர்ப்பீடனக் கலங்கள் பெருகவும் வேண்டும். கலத்திலிருந்து குளோரைட்டும் நீரும் குடலுள்ளே கசிதற்குத் துணையாகும் பொற்றாசியக் கால்வாய்களை அடைத்து அக்கசிவை அது குறைக்கின்றது என்றும் ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். இங்ஙனம் நாகம் மிகுதியும் வேண்டப்படும் வேளையிலேயே வயிற்றோட்டம் அதனை வெளியே அள்ளிச் செல்கின்றது. குறைந்தால் குடல் ஆறாது. ஆறாத குடல் அடுத்த கிருமிக்கு இடங்கொடுக்கும். அடுத்த பேதி எஞ்சியதையுங் கொண்டுபோகும். நாகக்குறைச் சுழல் இது.

சுழலை இடையில் அறுக்கலாமோ என்பதைப் புதுடில்லியிற் சுனில் சசாவால், மகராச் கிசன் பான், றொபேட் பிளாக் முதலியோர் சோதித்தனர். ஆறு மாதம் முதல் 35 மாதம் வரையுள்ள 937 குழந்தைகளிற் சிலர்க்கு நாகமும் ஏனையோர்க்கு நாகமற்ற மருந்தும் கொடுத்துப் பார்த்ததில், நாகம் பெற்றவரிடத்து நோய் நீடித்தல் நூற்றுக்கு 23 பங்கு குறைந்ததென 1995இல் அறிவித்தனர். பங்களாதேசத்து மத்லப்பில் ஊர்களையே தொகுதிகளாகப் பிரித்து நடத்திய பெரிய ஆராய்ச்சி 2002இல் வெளிவந்தது. அங்குப் பேதி கண்ட குழந்தைக்கு 14 நாள் நாகங் கொடுத்த ஊர்களில், நோயின் காலம் குறைந்தது. புதிதாய்ப் பேதி காண்பது குறைந்தது. விபத்தல்லாத காரணங்களால் நேர்ந்த குழந்தை இறப்பு ஏறக்குறையப் பாதியாயிற்று. தாய்மார் நுண்ணுயிர்க்கொல்லிகளை நாடுவதுங் குறைந்தமை கருதத்தக்கது. கையில் ஒரு மருந்து இருக்கின்றது என்ற ஆறுதலே அதற்குக் காரணமாகலாம்.

இவற்றின் பயனாக 2004இல் உலக சுகாதார தாபனமும் யுனிசெப்பும் கூட்டறிக்கை விடுத்தன. பேதி கண்ட குழந்தைக்குச் செறிவு குறைத்துத் திருத்திய உப்புக்கரைசலுடன், நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் நாகம், ஆறு மாதத்துக்குட்பட்ட சிசுவாயின் 10 மில்லிகிராம், 10 முதல் 14 நாள் வரை கொடுக்கவேண்டும் என்பது அதன் சாரம்.

இஃது எங்கும் ஒரே அளவாகப் பலிப்பதன்று. பல நாட்டு ஆராய்ச்சிகளையும் ஒருங்குவைத்து நோக்கியபோது, ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளில் நோய்க்காலம் ஏறக்குறைய அரைநாள் குறைந்தது. போசாக்குக் குறைந்த குழந்தைகளில் ஒருநாளுக்கு மேற் குறைந்தது. ஆறு மாதத்துக்குட்பட்டவரிடத்துப் பயன் காணப்படவில்லை. நாகம் நிறையவுண்ணும் செல்வநாட்டுக் குழந்தைக்கு இதனால் மிகுபயன் எதிர்பார்த்தற்கில்லை. குறையுள்ள இடத்திலேயே நிறைவு பயன்தரும். ஆதலின் யாழ்ப்பாணக் குடாநாட்டை நோக்குமிடத்து, இங்கு நாகம் குறைதற்கு இடமுண்டோ, பேதி வருதற்கு வாயில் உண்டோ என்னும் இரண்டும் ஆராயப்படவேண்டும்.

வாயில் உண்டு; அது கிணறு. குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுமில்லை. வழுக்கியாறு மாரியில் மட்டும் ஓடுவது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புக்களூடே இறங்கித் தரைக்கீழ் நீராகத் தங்குகின்றது. மணல் நீரை வடிகட்டும். வெடித்த சுண்ணாம்புக்கல் அங்ஙனஞ் செய்யாது. வீட்டு வளவொன்றில் ஒரு மூலையிற் கிணறும் மறுமூலையில் மலகூடக் குழியும் இருப்ப, வளவுகள் நெருங்கிய பட்டினப்பகுதியில் ஒருவர் குழி மற்றவர் கிணற்றுக்கு அயலாகிவிடும். குழியிற் சேர்வது மழையோடு வெடிப்பிற் புகுந்து கிணற்றை அடைதற்கு நெடுங்காலம் வேண்டுவதில்லை. கிணற்று நீரிற் கண்ணுக்குத் தெரியும் அழுக்கு யாதுமிராது, கற்கண்டுபோற் தெளிந்திருக்கும். தெளிவைத் தூய்மையெனக் கொண்டமையே இந்நாட்டார் பலர் செய்த பிழை. கொதிக்கவைத்து ஆறிய நீர் கிருமியைப் போக்கும். தோட்டப் பசளையால் வந்த நைத்திரேற்றை மட்டும் போக்காது என்பதையும் உடன் சொல்லவேண்டும். 2024இல் தாளையடியிற் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. எனினும் வளவுக் கிணற்றை விட்டு நீங்காத வீடுகள் இன்னும் மிகப் பல.

இவ்வாயிலாற் புகுந்த பேரிடர்களையும் குடாநாடு அறியும். 1866, 1867ஆம் ஆண்டுகளிற் பரவிய வாந்திபேதி ஊரூராகப் பலியெடுத்தது. அப்போது மானிப்பாயில் இருந்த அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், 1847இல் இந்நாட்டுக்கு வந்தவர். தமிழ் மாணாக்கருக்குத் தமிழிலேயே மேனாட்டு மருத்துவத்தைக் கற்பித்து, இரணவைத்தியம், கெமிஸ்தம் முதலாய நூல்கள் தமிழில் வெளிவரச் செய்தவர். நோயைத் தீர்க்கும் கரைசல் அக்கால மருத்துவர் எவரிடத்தும் இருந்ததில்லை. அன்று இருந்தது, நோயைப் பற்றித் தாய்மொழியிற் சொன்னால் மக்கள் கேட்பர் என்னும் அவருடைய நம்பிக்கையே. குளிசை வந்துவிட்ட இக்காலத்திலும் அந்நம்பிக்கைக்கு வேலை உளது. பின்னொரு காலம், 1995 ஒற்றோபர் 30இல், வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஓரிரவிலே தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது, ஒரு குடும்பத்துக்கென வெட்டிய கிணற்றைப் பல குடும்பங்கள் சூழ்ந்துகொண்டன. அத்தகைய நெரிசலில் முதலிற் பேதி காண்பவர் குழந்தைகளே.

நாகம் குறைதற்கும் இடமுண்டு. சுண்ணாம்பு மிகுந்த காரத்தன்மையுள்ள மண்ணில் நாகம் இருப்பினும் பயிருக்கு எளிதிற் கிட்டாது. பொசுபேற்றுப் பசளை மிகின் இன்னுங் குறையும். இந்தியாவின் பந்த்நகரில் நெற்பயிர்களைத் தாக்கிய கைரா என்னும் நோய், மண்ணின் நாகக்குறையால் வந்ததென 1966இல் நேனே என்பார் கண்டது இதற்கு உதாரணம். குடாநாட்டார் உண்ணும் அரிசியிற் பெரும்பகுதி வன்னியிலும் பிறவிடங்களிலும் விளைவதாகையால் மண்ணை மட்டுங் குறைசொல்வது பொருந்தாது. அதனினும் பெரிய காரணம் உணவின் அமைப்பு. குரக்கன், பயறு, உழுந்து, தவிடு நீங்காத அரிசி ஆகியன வேறு பல நலமுடையனவாயினும், பைற்றிக் அமிலத்தால் நாகத்தைப் பிடித்துவைப்பன. தாய்ப்பாலிலுள்ள நாகம் நன்றாக உறிஞ்சப்படுவது. ஆனால் பிறந்த முதற்கிழமைகளில் மிகுதியாயிருந்து ஆறாம் மாதத்திற் பெரிதுங் குறைந்துவிடும். அம்மாதத்திலே குழந்தைக்கு ஊட்டத் தொடங்குவது அரிசிமாக் கூழோ குரக்கன்மாக் களியோ எனின், தாய் தந்தது குறையும் வேளையில் உணவு தருவதுங் குறைவாகின்றது. முன்னர்க் கூறிய பேதிக்காலமும் அதுவே என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

இதிலுள்ள முரண் ஒன்றுண்டு. மும்முகமும் கடல் சூழ்ந்து, குருநகரிலும் ஊர்காவற்றுறையிலும் நாள்தோறும் நண்டும் மட்டியும் கரையேறும் நாடு இது. அவை நாகம் மலிந்த உணவுகள். சிப்பி அவையெல்லாவற்றினும் மிக்கது. ஆட்டிறைச்சியிலும் அது நிரம்ப உண்டு. முட்டையிலும் ஓரளவு உண்டு. ஆயினும் மரக்கறியுணவே கொள்ளும் சைவக் குடும்பங்களுக்கு இவை ஆகா. மச்சம் உண்ணும் வீடுகளிலும் சிறுகுழந்தைக்கு நண்டு கொடுக்க அஞ்சுவர். மரக்கறி வீட்டாருக்கு வழியில்லாமலில்லை. எள்ளிலும் பூசணி விதையிலும் கசுக்கொட்டையிலும் நாகம் உண்டு. அரைத்துக் கொடுத்தாலன்றிக் குழந்தைக்கு அவை விக்கும். பயற்றை ஊறவைத்து முளைகட்டினால் பைற்றிக் அமிலம் சிதைவுறும். உழுந்தும் அரிசியும் அரைத்து இராமுழுதும் புளிக்கவைத்தாலும் அவ்வாறே. தோசைமாவைப் புளிக்கவைத்த பாட்டி சுவைக்காகச் செய்தாளாயினும், அதன் பயன் நாவோடு நில்லாது பேரனின் குடல் வரை சென்றது. ஆனால் உணவு மெல்ல நிறைப்பது. பேதியோ இரண்டு நாளில் வெறுமையாக்குவது. குளிசை வேண்டப்படுவது அதனாலேயே.

இனிக் குளிசையைக் கொடுக்கும் முறை. கரையுந் தன்மையுள்ள அதனை ஒரு தேக்கரண்டியிலிட்டுக் கொதித்தாறிய நீரோ, கறந்த தாய்ப்பாலோ, கரைத்த ஜீவனியோ சிறிது விட்டால் அரை நிமிடத்திற் கரையும். நாளுக்கொரு முறை போதும். கொடுத்த அரைமணி நேரத்துள் குழந்தை வாந்தியெடுத்தால் மீண்டுங் கொடுக்கலாம். உலோகச்சுவை சில குழந்தைகளுக்கு வெறுப்பைத் தரும். இந்தியாவிலும் தன்சானியாவிலும் 4,500 குழந்தைகளிடத்து நடத்தி 2020இல் வெளியிட்ட ஆராய்ச்சி, 10 மில்லிகிராமும் 5 மில்லிகிராமும் பேதியைக் குறைப்பதில் 20 மில்லிகிராமுக்கு ஏறக்குறைய ஒத்தனவென்றும், வாந்தி அவற்றில் குறைவென்றும் காட்டியது. வாந்திக்கே வெள்ளைத்துத்தம் கொடுத்த பண்டை வைத்தியர் இதனைக் கேட்டு வியப்படையார். எவ்வளவு கொடுப்பதென்பது மருத்துவர் சொல்லவேண்டியது. எத்தனை நாள் கொடுப்பதென்பதே தாயின் கையிலுள்ளது.

இங்கேதான் பெரும்பாலும் முயற்சி முறிகின்றது. பேதி மூன்றாம் நாளோ நாலாம் நாளோ நிற்கும். நின்றதும் குளிசையும் நிற்கும். மருந்து நோய் தீரும்வரை என்பது உலகவழக்கு. அவ்வழக்கின்படி தாய் செய்தது பிழையென எவருஞ் சொல்லார். ஆனால் நாகம் ஓட்டத்தைக் கட்டும் மருந்தன்று. ஓட்டத்தால் வெறுமையான களத்தை நிரப்பும் சத்து. முதல் மூன்று நாள் கொடுத்தது ஓட்டத்தோடு போட்டியிட்டது. சடைமுளை தழைப்பதும் நிர்ப்பீடனக் கலம் பெருகுவதும் ஓட்டம் நின்ற பின்னரே மும்முரமாக நடைபெறும். வயல் வெள்ளம் வடிந்த மறுநாளே எருவிடுவதை நிறுத்தும் கமக்காரன் இல்லை. பத்துக் குளிசை கொண்ட தகட்டில் ஏழு எஞ்சி அலுமாரித் தட்டிற் கிடப்பதாயின், அவ்வேழுமே குழந்தைக்கு மிக வேண்டியிருந்தவை. மருந்து கொடுப்பவர் இதனைத் தாய்க்கு விளங்கச் சொல்லாது, பத்து நாள் கொடுக்கவும் என்று பைக்கற்றில் எழுதிவிடுதல் போதாது.

எச்சரிக்கை இரண்டு. நாகம் சத்தென்று கேட்டு, நாகப்பற்பம் போன்ற இரசவைத்தியப் பொருள்களைக் குழந்தைக்குக் கொடுப்பது தகாது. அவற்றின் அளவும் கலப்பும் வேறு. நாகம் பூசிய பாத்திரத்திற் புளியோ மோரோ வைத்து உண்பதும் நஞ்சாகும். சத்து வாளியிலிருந்து வருவதன்று. இரண்டாவது, நாகத்தைக் கொடுத்துவிட்டு ஜீவனியையும் தாய்ப்பாலையும் மறத்தல். நாகம் துணை, நீரே உயிர். மலத்தில் இரத்தங் காணின், குழந்தை குடிக்க மறுப்பின், மயங்கித் துவளின், வாந்தி ஓயாதாயின், குளிசையைத் தேடாது வைத்தியசாலையைத் தேடவேண்டும்.

இலங்கையிற் பேதியாற் குழந்தை இறப்பது இன்று அரிது. உலகமுழுதிலும் ஐந்து வயதுக்குட்பட்ட ஏறக்குறைய 4½ இலட்சங் குழந்தைகள் ஆண்டுதோறும் இன்னும் இறக்கின்றனர் என்பதோடு ஒப்பிடின் இது பெரும்பேறு. எனினும் இறவாத குழந்தையிடத்தும் பேதி தன் கணக்கைத் தீர்த்துக்கொள்கின்றது. ஒவ்வொரு மாரியிலும் இருமுறை மும்முறை பேதி கண்ட குழந்தை நிறைகுறைந்து, அதனை மீட்குமுன் மீண்டும் குறைந்து, தன் வயதொத்தவரினும் குள்ளமாகப் பாடசாலை வாயிலை அடையும். தாய்சேய் நிலையத்து நிறைக்கோடு சற்றே சரிந்து பின் நிமிர்ந்தால் எவருங் கவனிப்பதில்லை. 2004ஆம் ஆண்டுக் கூட்டறிக்கை, பத்து அல்லது பதினான்கு நாள் முழுவதும் கொடுத்த நாகம் அடுத்துவரும் இரண்டு மூன்று மாதங்களிற் புதிய பேதி காண்பதையுங் குறைக்கும் என்றது. குடாநாட்டுக் கணக்கிற் சொன்னால், கார்த்திகை மழையிற் பேதி கண்டு குளிசையை முழுவதும் உண்ட குழந்தைக்கு, கிணற்றுநீர் கலங்கியிருக்கும் மார்கழி, தை கடந்து மாசி வரை அதன் பலன் எட்டும்.